திருவாதிரை வெடித்தால் எது மிஞ்சும்?



அம்பாங்கான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு விடியற்காலை வானம் புதிதல்ல. ஆவணி, புரட்டாசி மாதங்களில் பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் கிழக்கே செக்கச்செவேலென ஒரு வெள்ளி நிற்கும். அதுதான் திருவாதிரை. மார்கழியில் அதன் பெயரால் களி கிண்டிப் படைப்பது தமிழர் வழக்கம். தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகி, சிரம்பான் நகரின் விளக்கொளியில் சின்ன வெள்ளிகள் மறைந்துவிட்டன. திருவாதிரை மட்டும் இன்னும் கண்ணுக்குத் தப்பவில்லை.

அந்தச் சிவப்பு, முதுமையின் நிறம். ஒரு நாள் அது வெடித்துச் சிதறும். நாளையா, லட்சம் ஆண்டு கழித்தா என்று யாராலும் சொல்ல இயலாது. 2019ஆம் ஆண்டின் கடைசியில் அது திடீரென மங்கியபோது, வெடிக்கப் போகிறது என்று உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. அது தானே கக்கிய தூசுதான் அதன் முகத்தை மறைத்தது என்று ஹப்பள் விண்வெளித் தொலைநோக்கியின் ஆய்வு காட்டியது.

சரி, வெடித்தால் எது மிஞ்சும்?

இந்தக் கேள்விக்கான விடையின் முதல் படியைப் போட்டவர் ஒரு தமிழ் இளைஞர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930இல் மேல்படிப்புக்காகப் பம்பாயில் கப்பலேறினார். அப்போது வயது பத்தொன்பது. கப்பலில் பொழுது போகவேண்டுமே! மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். அவர் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு இதுதான். விண்மீனின் எடை அதை உள்நோக்கி அமுக்குகிறது. உள்ளே எரியும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்தால் வெப்பம் போய்விடும். பிறகு எலெக்ட்ரான்களின் நெரிசல் ஒன்றே தூணாக நின்று கூரையைத் தாங்கவேண்டும். அந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும்? சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதற்கு மேல் ஏற்றினால் தூண் நொறுங்கும். பிறகு எதுவும் அதை அதே நிலையில் நிறுத்தாது.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்தின் மாபெரும் வானியலாளர் ஆர்தர் எடிங்டன். விண்மீன் இப்படி முறைகேடாக நடக்க இயற்கை விடாது என்ற பொருளில் அவர் கேலி பேச, சபை சிரித்தது. எதிர்வாதம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. பேசியவரின் பெயர்தான் பெரிது. சந்திரசேகர் மல்லுக்கு நிற்காமல் அமெரிக்கா போய்ச் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வேறு துறைகளில் உழைத்தார். நோபல் பரிசு வந்தது 1983இல். எடிங்டனின் நூற்றாண்டையொட்டி 1982இல் அவரைப் போற்றி நினைவுச் சொற்பொழிவு ஆற்றியவரும் இதே சந்திரசேகர்தான்; அந்தப் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்?

அவர் 1995இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலை 23 அன்று, கொலம்பியா விண்கலம் ஒரு தொலைநோக்கியைச் சுமந்து சென்றது. அதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வைத்த பெயர் ‘சந்திரா’.

சந்திரா பார்ப்பது எக்ஸ்ரே கதிர்களை. வெடித்துச் சிதறிய வாயு பல லட்சம் பாகைக்கு மேல் கொதிப்பதால் அது எக்ஸ்ரேயாகவே ஒளிர்கிறது. பூமியின் காற்று அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும். உயிர்களுக்கு அது நல்லது, வானியலாளருக்கு இடைஞ்சல். அதனால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்பவேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸ்ரே நேராக மோதினால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். குளத்தில் தட்டைக் கல்லைச் சாய்த்து வீசினால் எகிறி எகிறிப் போகிறதல்லவா, அதுபோலக் கதிர் உரசிச் செல்லும்படி, பீப்பாய்க்குள் பீப்பாய் வைத்ததுபோல் கண்ணாடிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

1999 ஆகஸ்டில் வெளியான முதல் படம் காசியோப்பியா ஏ என்ற எச்சத்தினுடையது. பூமியிலிருந்து சுமார் 11,000 ஒளியாண்டு தூரம். வெடிப்பின் ஒளி இங்கே வந்து சேர்ந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. படத்தின் நடுவே பல காலம் தேடியும் அகப்படாத ஒரு புள்ளி ஒளிர்ந்தது. அது நியூட்ரான் விண்மீன். எல்லை மீறிய பாரத்தால் தூண் நொறுங்கிய உட்கரு அது! குறுக்களவு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், சிரம்பானுக்கும் நீலாய்க்கும் உள்ள இடைவெளி மாதிரி. எடையோ சூரியனைவிட அதிகம். சபை சிரித்த கணக்கின் சாட்சியை, கணக்குப் போட்டவரின் பெயர் தாங்கிய கருவியே படம்பிடித்தது.

அந்தப் படங்களின் நீலமும் சிவப்பும் விஞ்ஞானிகள் இடும் அடையாள நிறங்கள். எந்தத் தனிமம் எங்கே சிதறியது என்பதை அவற்றால் பிரித்துப் பார்க்கலாம். காசியோப்பியா ஏ-இல் இரும்பு மட்டுமே சுமார் 70,000 பூமிகளின் எடைக்கு இருக்கிறதாம். பால் வெட்டும் கத்தியின் இரும்பும், அதைப் பிடித்த கையில் ஓடும் இரத்தத்தின் இரும்பும் இப்படி வெடித்த பழைய விண்மீன்களில் விளைந்தவையே.

இன்னொரு வெடிப்பு 1987 பிப்ரவரியில் தெரிந்தது. நெகிரி செம்பிலானிலிருந்து பார்த்தால் தென்வானில் தாழ்வாக இருக்கும் மெகல்லன் பெருமேகத்தில் அது நிகழ்ந்தது. ஜப்பானில் பூமிக்கடியில் இருந்த கருவி அதன் நியூட்ரினோ துகள்களைப் பிடித்ததால், உட்கரு இடிந்தது உறுதியாயிற்று. ஆனால் மிஞ்சிய பொருளைத் தூசு மூடியிருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிரில் பார்த்து, அங்கே நியூட்ரான் விண்மீன் இருப்பதற்கான வலுவான சான்றைத் தந்தது. அந்த முடிவு வெளிவந்தது 2024 பிப்ரவரியில்.

அதே ஆண்டு ஜனவரி முதல் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எக்ஸ்போசாட் என்ற இந்தியச் செயற்கைக்கோள் புறப்பட்டது. அதிலுள்ள இரண்டு கருவிகளில் ஒன்றை உருவாக்கியது பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகம். சந்திரசேகரின் சிற்றப்பா சர் சி. வி. ராமன் நிறுவிய கழகம் அது. மற்றொரு கருவி முதன்முதலில் எதை நோக்கித் திரும்பியது தெரியுமா? ஜனவரி 5 அன்று, காசியோப்பியா ஏ-யை நோக்கித்தான்.