நான்காம் பலகையில் யார்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழுச் செயல்பாடு பற்றிப் பேசும்படி கேட்டார்கள். ஐந்து குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்துவிட்டால் அது குழு ஆகிவிடுகிறதா என்பதுதான் என் கேள்வி. ஒரு குழந்தை எழுதும், ஒரு குழந்தை பேசும், மூன்று குழந்தைகள் ஜன்னலைப் பார்க்கும். இது உங்கள் வகுப்பிலும் உண்டு, என் வகுப்பிலும் உண்டு. அந்த மூன்று பேரையும் எப்படி உள்ளே கொண்டுவருவது? இதற்கு எனக்கு ஒரு வழி காட்டியது நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு பெரிய விளையாட்டு. பொத்தேரியிலிருந்து பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடும் மாமல்லபுரத்தில் 2022-இல் நடந்த 44-வது சதுரங்க ஒலிம்பியாட்.

வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஜூலையில் நம் பள்ளிகளிலும் சதுரங்கப் போட்டிகள் நடத்தினோம். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி உக்ரைன் போரினால் இடம் மாறி, சில மாத அவகாசத்தில் இங்கே வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. பாலஸ்தீன அணியில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் விளையாடினாள்.

சதுரங்கத்தைத் தனி ஆள் விளையாட்டு என்றே நினைக்கிறோம். ஒலிம்பியாட்டில் அது அணி விளையாட்டு. அதன் விதிகளை ஓர் ஆசிரியரின் கண்ணோடு பாருங்கள். ஓர் அணியில் ஐந்து பேர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று வீரர். யார் முதல் பலகை, யார் நான்காம் பலகை என்ற வரிசையைப் போட்டிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். நான்கு பலகைகளிலும் வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. முதல் பலகையில் உலகின் முன்னணி வீரர் வென்றாலும் ஒரு புள்ளிதான், நான்காம் பலகையில் பதினாறு வயதுப் பையன் வென்றாலும் ஒரு புள்ளிதான். எதிரணியை 4-0 என வென்றாலும், இரண்டரைக்கு ஒன்றரை என வென்றாலும் அணிக்குக் கிடைப்பது அதே 2 புள்ளி. டிரா என்றால் 1. ஆட்டம் நடக்கும்போது அணித் தலைவர் பக்கத்தில் நிற்கலாம், ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதி நமக்குத்தான் கடினமானது!

அந்தப் போட்டியில் என் மனத்தில் நின்ற சில அணிகளைச் சொல்கிறேன்.

முதலில் இந்தியாவின் 'பி' அணி. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் இருந்தன. 'பி' அணி இளைஞர்களின் அணி. குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சத்வானி ஆகிய நால்வரும் இருபது வயதுக்குக் கீழே. அவர்களோடு மூத்தவராக 29 வயது அதிபன். பயிற்றுநர் ஆர்.பி. ரமேஷ். முதல் பலகையில் ஆடிய 16 வயது குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். எட்டாவது வெற்றி அமெரிக்காவின் கருவானாவுக்கு எதிராக. அந்தச் சுற்றில் பட்டம் வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அமெரிக்க அணியை இந்தப் பிள்ளைகள் 3-1 என வென்றார்கள்.

ஆனால் நான் என் மாணவர்களுக்குச் சொல்வது பத்தாவது சுற்றின் கதையைத்தான். எதிரே உஸ்பெகிஸ்தான். குகேஷ் நல்ல நிலையில் இருந்தார், வெற்றிக்காகத் தொடர்ந்து முயன்றார், ஓரிடத்தில் சறுக்கி அப்துசத்தோரோவிடம் தோற்றார். அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், மிக முக்கியமான நாளில் தோற்கிறார். அதே சுற்றில் இன்னொரு பலகையில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார். கணக்கு 2-2 ஆனது. மறுநாள் கடைசிச் சுற்றில் குகேஷ் டிரா செய்தார், அணி ஜெர்மனியை 3-1 என வென்று வெண்கலம் பெற்றது. எட்டு ஆட்டங்களில் அணியைத் தாங்கியவரை ஒன்பதாவது, பத்தாவது நாளில் அணி தாங்கியது.

தங்கம் வென்றது உஸ்பெகிஸ்தான். தரவரிசைப்படி 14-வது இடத்தில் தொடங்கிய அணி, ஒரு சுற்றிலும் தோற்கவில்லை. எட்டு வெற்றி, மூன்று டிரா. அவர்களிலும் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள்.

வெள்ளி வென்றது ஆர்மீனியா. அதன் மிகப் பெரிய வீரரான அரோனியன் அப்போது அமெரிக்க அணிக்குப் போயிருந்தார். அமெரிக்கா ஐந்தாம் இடம், அவர் இல்லாத ஆர்மீனியா இரண்டாம் இடம். 2011 முதல் தொடக்கப் பள்ளியில் சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாக வைத்திருக்கும் சிறிய நாடு அது. நட்சத்திரம் போனாலும் அணி நின்றதற்கு அதன் வகுப்பறைகளும் ஒரு காரணம் என்று ஆசிரியராகிய நான் நம்புகிறேன்.

பெண்கள் பிரிவில் உக்ரைன் தங்கம் வென்றது, சொந்த நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த நாள்களில். நம் பெண்கள் 'ஏ' அணியில் கோனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி. ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபடியே விளையாடினார். கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்த அணி, கடைசி நாளில் அமெரிக்காவிடம் தோற்று வெண்கலத்துக்கு வந்தது. அன்று அது ஏமாற்றம்தான். ஆனால் ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அது. இரண்டு ஆண்டு கழித்து 2024-இல் புடாபெஸ்ட்டில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றபோது ஹரிகா, வைஷாலி, தானியா மூவரும் அந்த அணியில் இருந்தார்கள்.

இந்த அணிகளையெல்லாம் பார்க்கும்போது நம் ஊர் ஆடுபுலி ஆட்டம் நினைவுக்கு வருகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. பார்த்தால் நியாயமே இல்லாத சண்டை. ஆனால் ஒரு விதி ஆட்டைக் காப்பாற்றுகிறது. ஆட்டுக்கு நேர்ப் பின்னால் உள்ள இடம் காலியாக இருந்தால்தான் புலி தாண்ட முடியும். அங்கே இன்னோர் ஆடு நின்றால் புலிக்கு வழி இல்லை. திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடிய நம் முன்னோர் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆட வைத்தார்கள். குழு என்றால் என்ன என்று பாடம் எடுப்பதைவிட, பின்னால் ஆள் நின்றால் என்ன நடக்கிறது என்பதைக் குழந்தை தன் கையால் பார்த்துவிட வேண்டும்.

இனி என் வகுப்புக்கு வருகிறேன். ஏழாம் வகுப்பில் 30 பேர். ஒலிம்பியாட் விதியையே எடுத்துக்கொண்டோம். ஐந்து பேர் கொண்ட ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடு ஒருமுறை மோத வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு சுற்று, ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். ஒரு சுற்றுக்கு 12 பலகை தேவை. பள்ளியில் இருந்தவை சில. மற்றவற்றை அட்டையில் கட்டம் வரைந்து, காய்களைக் காகிதத் துண்டில் எழுதிக் குழந்தைகளே செய்துகொண்டார்கள். ஐந்து சுற்றில் ஒவ்வொருவரும் நான்கு முறை ஆட வேண்டும், ஒரு முறை ஓய்வு. ஓய்வில் இருப்பவர் நகர்த்தல்களைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அணிக்குப் பெயர் வைப்பது அவர்கள் உரிமை. அணி என்று நான் சொன்னேன், 'படை' என்று அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

'ஏரிக்கரை வேங்கைகள்' என்று ஒரு படை. வகுப்பின் சிறந்த ஆட்டக்காரர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். முதல் மூன்று சுற்றிலும் அவர்களுக்குக் கிடைத்தது 2-2 தான். முதல் இரண்டு பலகையில் வெற்றி, மற்ற இரண்டில் தோல்வி. மூன்றாம் வாரம் முடிந்ததும் அந்த இருவரும் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லவில்லை, புள்ளிப் பட்டியல் சொன்னது. நான்காம் சுற்றில் 3-1 என வென்றார்கள்.

இன்னொன்று 'ஒட்டகப் படை'. பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் அதில் இருந்தான். தமிழ் அதிகம் வராது, வகுப்பில் வாய் திறக்க மாட்டான். பலகை முன்னால் உட்கார்ந்ததும் யானையைக் காட்டி 'ஹாத்தி' என்றான், குதிரையைக் காட்டி 'கோடா' என்றான். நம் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு, அவன் ஊரிலும் யானைதான் மூலையில் நிற்கிறது! நாம் மந்திரி என்று சொல்லும் காயை மட்டும் அவன் ஒட்டகம் என்றான். கோணலாக ஓடுவது மந்திரியா ஒட்டகமா என்று அரை மணி நேரம் வாக்குவாதம். அதுதான் அவன் வகுப்பில் பேசிய முதல் நீண்ட உரையாடல், பாதி தமிழ், பாதி கைச்சாடை. கடைசியில் படையே தன் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் படை நான்காவதாக வந்தது. அவன் இப்போது வருகைப் பதிவின்போது உரக்க 'உள்ளேன் ஐயா' சொல்கிறான்.

மூன்றாவது, கடைசி இடம் பிடித்த படை. ஐந்து சுற்றில் ஒரு டிரா, நான்கு தோல்வி. அதில் ஒரு மாணவி அடிக்கடி விடுப்பு எடுப்பவள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத நாளில் அவள்தான் ஆள். அவள் வராவிட்டால் ஓய்வில் இருப்பவர் ஆடிச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் நான்கு ஆட்டம் ஆட வேண்டும் என்ற விதி இருக்கிறதே! வியாழன் மாலையில் அந்தப் படையினர் அவள் வீட்டு வழியாகப் போய், "நாளைக்கு நீ மூணாம் பலகை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாம் வாரம் அவள் அம்மா பள்ளிக்கு வந்து, "அது என்னங்க சார் பலகை, இவ இல்லாம நடக்காதாமே" என்று கேட்டார். நடக்காதும்மா என்றேன். ஐந்து வெள்ளிக்கிழமையும் அவள் வந்தாள். அவளுக்குத்தான் அந்தப் படையின் அரைப் புள்ளிகளில் இரண்டு.

நண்பர்களே, விடுப்பு எடுக்கும் குழந்தையிடம் 'ஏன் வரவில்லை' என்று நாம் கேட்கிறோம். 'நீ வராததால் எங்களுக்கு ஓர் இடம் காலி' என்று சக மாணவர் சொல்வது வேறு. முதல் கேள்விக்குக் குழந்தை தலை குனியும். இரண்டாவதுக்கு வந்து நிற்கும். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டின் சிரமம் அப்படியேதான் இருக்கிறது, அதற்குத் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் செய்ய வேண்டியவை தனியே உண்டு. ஆனால் அவளுக்குப் பள்ளியில் ஓர் இடம் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிய வேண்டும், அவள் அம்மாவுக்கும் தெரிய வேண்டும்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் சில குறிப்புகள்.

ஒன்று, அணிகளைக் கலந்து அமையுங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரிப்பது கற்பிப்பதற்காக. அணி அமைக்கும்போது எல்லா நிலையும் ஓர் அணியில் இருக்கட்டும்.

இரண்டு, ஒவ்வொரு குழந்தையின் வேலைக்கும் சமமான புள்ளி வையுங்கள். அறிவியல் செயல்திட்டமானாலும் சரி, தமிழில் ஒரு நாடகமானாலும் சரி, வேலையை நான்காகப் பிரித்து நான்கையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் அணிக்கு ஒரு புள்ளிதான் என்று ஆகட்டும்.

மூன்று, வேலை நடக்கும்போது நாம் பேசக் கூடாது. முடிந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

நான்கு, தோற்றவரைத் திட்டும் பழக்கம் கட்டாயம் வரும். எங்கள் வகுப்பிலும் முதல் வாரமே வந்தது. அதற்கு ஒரு விதி வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் ஐவரும் சேர்ந்து உட்கார்ந்து, தோற்ற ஆட்டத்தைக் குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி ஆடிப் பார்க்க வேண்டும். 'நீ ஏன் இப்படி ஆடினாய்' என்று கேட்கக் கூடாது, 'இங்கே வேறு என்ன ஆடலாம்' என்று கேட்கலாம். அந்த நேரத்தில்தான் குகேஷ் தோற்ற நாளின் கதையைச் சொன்னேன். அந்தக் குகேஷ்தான் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். தோற்ற கதைதான் அவர்களுக்குப் புதிது.

ஐந்து, சதுரங்கம்தான் வேண்டும் என்பதில்லை. தொடக்கப் பள்ளி என்றால் ஆடுபுலி ஆட்டம் போதும். தரையில் கோடு, புளியங்கொட்டை, கூழாங்கல். செலவே இல்லை.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் குழு பிரிக்கும்போது, முதல் பலகைக்கு யார் என்று யோசிக்க அதிக நேரம் தேவைப்படாது, அந்தப் பெயர் நமக்கு உடனே வந்துவிடும். நான்காம் பலகையில் யாரை உட்கார வைக்கப் போகிறோம், அந்தக் குழந்தைக்குப் பின்னால் யாரை நிறுத்தப் போகிறோம் என்பதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.