தீயணைப்புப் படையும் நம் ஊராட்சியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

வளர்ச்சிப் பணி என்றதும் பாதை அமைத்தல், கிணறு வெட்டுதல், பள்ளிக் கட்டடம் எழுப்புதல் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. உண்டாக்கியதைக் காப்பதும் அப்பணியின் ஒரு கூறேயாகும். ஓராண்டு பாடுபட்டுச் சேர்த்த நெல்லும் வைக்கோலும் குடியிருக்கும் வீடும் அரை மணி நேரத்தில் சாம்பலாகுமாயின், நாம் அடைந்த வளர்ச்சி எங்கே நிற்கும்? ஆதலால் இன்று தீயைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம் அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணை ஊராட்சிகளுக்கு உரியவையாக 29 பொருள்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் தீயணைப்பு இல்லை. நகராட்சிகளுக்கு உரிய 12-ஆவது அட்டவணையில்தான் அது இடம் பெற்றுள்ளது. நடைமுறையில், தமிழ்நாட்டில் நகரமாயினும் சிற்றூராயினும் மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையே இவ்வேலையைச் செய்து வருகிறது. ஆகவே, ‘இது நம் பொறுப்பன்று’ என்று ஊராட்சி எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் சரிதானா என்று நேரில் காண விரும்பி, உரிய அனுமதி பெற்று, ஒரு கோடைக்காலத்தில் சில நாட்கள் தீயணைப்பு நிலையம் ஒன்றில் பார்வையாளனாகத் தங்கி, அவர்களுடைய வண்டியிலேயே சென்று வந்தேன்.

பார்வையாளனுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. நிலைய அலுவலர் எனக்கு இட்ட கட்டளைகள் இரண்டே: தாம் சொல்லும்வரை வண்டியை விட்டு இறங்கலாகாது; இறங்கிய பின் குழாயையும் கயிற்றையும் தொடலாகாது. ஆனால் கண்ணையும் காதையும் யாரும் கட்டவில்லை. கண்டவற்றுள் நமக்குப் பயன்படுபவற்றை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, தண்ணீர்க் கணக்கு. பொதுவாக ஒரு தீயணைப்பு வண்டியின் தொட்டி 4,500 லிட்டர் கொள்ளும். ஒரு குழாய் வழியே நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பாய்ச்சினால் 10 நிமிடங்களில் தொட்டி வறண்டுவிடும்; இரு குழாய்களைத் திறந்தால் 5 நிமிடங்களே. அதன் பின் வேண்டிய தண்ணீரை ஊர்தான் தர வேண்டும். வண்டியின் பம்பு குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீரை உறிஞ்ச வல்லது. ஆயினும் நீர்மட்டம் சுமார் 7 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருப்பின் உறிஞ்சுவது அரிது. கோடையில் நம் கிணறுகள் எவ்வளவு ஆழத்துக்கு வற்றுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே உழவரின் பம்புசெட்டும் மேல்நிலைத் தொட்டியுமே அவ்வேளையில் கைகொடுக்கும்.

இரண்டாவது, பாதை. ஒரு சிற்றூரில் கூரை வீடு ஒன்று பற்றிக்கொண்டதாக நண்பகலில் அழைப்பு வந்தது. பிரதான சாலையில் வண்டி தாமதமின்றிச் சென்றது. ஊருக்குள் நுழைந்தபின் தெருவில் ஒருபுறம் குவித்திருந்த செங்கல்லும், மறுபுறம் நீட்டிக் கட்டிய திண்ணையும் வழி மறித்தன. வண்டியை அங்கேயே நிறுத்தி, குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து இழுத்துச் சென்றனர். அதற்குள் தீ அடுத்த கூரைக்குத் தாவிவிட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்துகொள்ளாமல் அவர்கள் ஒரு சொட்டு நீரும் பாய்ச்சவில்லை. மின்கம்பி அறுந்து கிடக்கும் ஈரத் தரையில் கால் வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

அவ்வூர் இளைஞர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். எரிகின்ற வீட்டை விட்டுவிட்டு, மூன்றாம் வீட்டுக் கூரையின் கீற்றுகளைத் தொரட்டியால் இழுத்துத் தள்ளினர். நான்காம் வீட்டின் மேல் நனைந்த சாக்குகளைப் பரப்பினர். பார்த்தவர் சிலர், ‘நல்ல வீட்டை ஏன் பிரிக்கிறீர்கள்?’ என்று கடிந்தனர். ஆனால் தீ அங்கேதான் நின்றது. எரிபொருளை அகற்றினால் தீ மேலே செல்ல வழியில்லை. அன்று எரிந்த இரு வீடுகளும் விவசாயக் கூலிகளுடையவை. விதைநெல், பிள்ளைகளின் புத்தகங்கள், குடும்ப அட்டை, பட்டா ஆகிய அனைத்தும் போயின. உயிர்ச்சேதம் மட்டும் இல்லை.

அது எங்கும் அப்படியே அமைவதில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் திருவரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்து மணவீடு பிணவீடாயிற்று. கீற்று, பந்தல், நெருக்கம், ஒரே வாயில் ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த ஊரும் இதற்கு விலக்கன்று. திருவிழாப் பந்தலுக்கு இரு வழிகளேனும் வையுங்கள். சமையல் அடுப்பைத் தொலைவில் அமையுங்கள்.

மூன்றாவது, நீரைப் பயன்படுத்தும் முறை. ஒரு லிட்டர் நீர் சூடேறிக் கொதிநிலையை அடைவதைக் காட்டிலும், கொதித்து ஆவியாகும்போது ஏழெட்டு மடங்கு வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஆகவே வீரர்கள் நீரைத் தூவலாக, எரியும் பொருளின் மீது படும்படி விடுகின்றனர். நாமோ குடத்து நீரைச் சுடரின் மேல் வீசி எறிகிறோம், பெரும்பகுதி வீணாகிறது. சுடரை விட்டு, அடியில் எரிகின்ற பொருளை நனைப்பதே முறை. எரியும் எண்ணெய்க்கு மட்டும் நீர் ஆகாது. மூடியால் மூடி, அடுப்பை அணைக்க வேண்டும்.

வைக்கோல் பற்றி உழவர்க்கு இரு சொற்கள். ஈரம் உலராத வைக்கோலைப் போரிட்டால் உள்ளே சூடு ஏறித் தானே பற்றக்கூடும். உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டி, தாழத் தொங்கும் மின்கம்பியை உரசினாலும் தீப்பிடிக்கும். போரை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் விலகி வையுங்கள். தாழ்ந்த கம்பியை மின்வாரியத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

நான் உடன் சென்ற அழைப்புகளில் தீயைவிட மீட்புப் பணிகளே மிகுதி. கிணற்றில் விழுந்த பசு, வீட்டில் புகுந்த பாம்பு, சாலையில் சாய்ந்த மரம் என வந்துகொண்டேயிருந்தன. இவற்றுள் கிணற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஆழ்கிணற்றுள் டீசல் எஞ்சினை ஓட்டினால் நச்சுவாயு தேங்கும். விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிடில் இறங்கலாம் என்பது பழைய நம்பிக்கை. கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது, ஆளைத்தான் அணைக்கும். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட துயரம் பலமுறை நிகழ்ந்துள்ளது. சுவாசக் கருவியோடு வீரர் வரும்வரை ஒருவரையும் இறங்க விடாதீர்கள். கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறுகளையும் உடனே மூடுங்கள். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை மீட்கப் பல துறையினர் நாட்கணக்கில் போராடியும் இயலவில்லை. ஒரு மூடி செய்திருக்கக்கூடியதை அத்தனை இயந்திரங்களாலும் செய்ய முடியவில்லை.

இனி ஊராட்சி செய்ய வேண்டுவன யாவை? ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் வண்டி செல்லும் பாதை ஒன்றைக் குறித்து, ஆக்கிரமிப்பும் குவியலும் இன்றிக் காத்தல். கோடையிலும் நீருள்ள கிணறு, குளம், பம்புசெட்டு இவற்றின் பட்டியலை எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் வைத்தல். தொரட்டி, ஏணி, கயிறு, சாக்கு ஆகியவற்றைப் பொது இடத்தில் சேமித்தல். 101 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து ஊர், தெரு, அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லவும், சாலைச் சந்திப்பில் நின்று வண்டிக்கு வழிகாட்டவும் இளைஞர் சிலரைப் பழக்குதல். இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை.

மார்ச் 22 அன்று கூடும் கிராமசபையில் அப்பட்டியலைப் படித்து ஒப்புதல் பெறுங்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்தில் நிலையத்தாரை உங்கள் ஊருக்கு அழைத்து ஒத்திகை நடத்துங்கள். வண்டி உண்மையில் எந்தத் தெரு வரை வருகிறது என்பதை அன்றே கண்டறியலாம்.

தீயை அணைப்பது அரசுத் துறையின் பணி. அத்துறை வந்து சேரும்வரை உள்ள நிமிடங்களும், அது வந்தபின் வேண்டிய வழியும் நீரும் ஊராட்சியின் கையில் உள்ளன. அவற்றை ஆயத்தமாக வைத்திருப்போமாக.