விண்மீன் ஒளியும் வாயேஜர் கற்பிக்கும் பொறுமையும்



மேற்கு வானின் செம்மை மறைந்ததும் விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. காண்பவர், அவை அந்த நொடியில் உள்ளபடியே தெரிகின்றன என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. வெளியூரிலிருந்து வரும் கடிதம் எழுதிய நாளின் செய்தியையே கூறும். பிரித்துப் படிக்கும் நாளின் செய்தியை அது அறியாது. விண்மீனின் ஒளியும் அத்தகைய கடிதமே.

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நிலவிலிருந்து அது புவியை அடைய 1.3 நொடி ஆகிறது. சூரியனிலிருந்து வர 8 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகிறது. இரவு வானில் மிகுந்த ஒளியுடன் தோன்றும் சிரியஸ் விண்மீனிலிருந்து வரவோ 8.6 ஆண்டுகள் ஆகின்றன. 12 வயது மாணவன் இன்று காணும் சிரியஸின் ஒளி, அவன் மூன்றரை வயதுக் குழந்தையாய் இருந்தபோது புறப்பட்டதாகும். இத்தகைய தொலைவுகளை அளக்கவே அறிஞர் ஒளியாண்டு என்னும் அளவை வகுத்தனர். பெயரில் ஆண்டு இருப்பினும் அது காலத்தின் அளவன்று. ஓராண்டில் ஒளி கடக்கும் தொலைவாகும். அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இத்தொலைவின் பொருளை நன்கு உணர்த்துவது வாயேஜர் 1 விண்கலம். அமெரிக்காவின் நாசா 1977 செப்டம்பர் 5 அன்று அதனை ஏவியது. 1979இல் வியாழனையும் 1980இல் சனியையும் கடந்த அக்கலம், வியாழனின் துணைக்கோளாகிய ஐயோவில் எரிமலைகள் பொங்குவதைக் காட்டியது. 2012 ஆகஸ்டில் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டி, விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் புகுந்தது. மனிதர் படைத்த கலம் ஒன்று அவ்வெளியை அடைந்தது அதுவே முதன்முறை.

2023 நவம்பரில் அக்கலம் அனுப்பிய செய்திகள் பொருளற்றுப் போயின. அப்போது அது ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஓர் ஆணை அதனைச் சென்றடைய 22.5 மணி நேரம். மறுமொழி திரும்பி வர மேலும் அவ்வளவு நேரம். அங்கே சென்று பழுது பார்ப்பார் எவருமிலர். அதனை உருவாக்கியவர்களுள் பலர் பணியிலும் இல்லை. பொறியாளர் பல்லாண்டு பழைய ஆவணங்களைப் புரட்டிப் பயின்றனர். ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் இரண்டு நாள் அளவு காத்திருந்தனர். கணினியின் நினைவகச் சில்லு ஒன்று பழுதுற்றதைப் பல மாத முயற்சிக்குப் பின் கண்டறிந்தனர். அச்சில்லில் இருந்த நிரல் முழுவதையும் ஏற்கத்தக்க ஒரே இடம் வேறெங்கும் இல்லாமையால், அதனைக் கூறுகளாகப் பிரித்துப் பல இடங்களில் வைத்தனர். 2024 ஏப்ரல் 20 அன்று கலத்தின் நிலையை உரைக்கும் தெளிவான செய்தி மீண்டும் வந்தது.

இத்திட்டத்தின் தலைமை அறிவியலாளராக எட்வர்ட் ஸ்டோன் 1972 முதல் 2022 வரை, ஐம்பது ஆண்டுகள் பணியாற்றினார். விண்வெளி ஆய்விற்குக் கூரிய அறிவு வேண்டும். வலிய கருவிகளும் வேண்டும். அவற்றோடு, விடை வரும்வரை சோர்வின்றிக் காத்திருக்கும் உள்ளமும் வேண்டும். ஒரு தலைமுறை விட்ட இடத்திலிருந்து அடுத்த தலைமுறை தொடர்தலும் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! தை மாத முன்னிரவில் கிழக்கு வானில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவ்வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் சிரியஸ் தென்படும். வீட்டுப் பெரியவர்களுடன் மொட்டை மாடியில் நின்று அதனைக் காணுங்கள். அந்த இரவில் அங்கிருந்து புறப்படும் ஒளி இங்கு வந்து சேரும் நாளில், இன்றைய 12 வயதுச் சிறுவர் இருபதைக் கடந்திருப்பர். வழியிலுள்ள அவ்வொளியை வரவேற்கும் அறிவோடு அவர்கள் வளர்க!