மூவருள் ஒருவர்: துளசிதாஸ் பலராம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்கப் பாடலைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். தமிழ் விரிவுரையாளருக்குப் பந்தோடு என்ன உறவு என்று முன்வரிசையில் ஒருவர் புன்னகைப்பது தெரிகிறது. உறவு உண்டு, பொறுத்தருள்க.

புறநானூற்றில் எண்பதாம் பாடல் முதல் மூன்று பாடல்கள் சாத்தந்தையார் பாடியவை. ஆமூர் மல்லனோடு பொருத போரவைக் கோப்பெருநற்கிள்ளி அவற்றின் தலைவன். அது நாடு கொள்ள நிகழ்ந்த போரன்று, மற்போர். ஆடுகளத்தில் ஓர் உடல் வளைவதும் நிமிர்வதும் பாடத்தக்க பொருளென்று நம் புலவர்கள் கொண்டனர். அவற்றுள் முதற்பாடலில், மகனோடு பிணங்கிய தந்தை தித்தன் இந்த ஆட்டத்தைக் கண்டால் நன்று என்று புலவர் உள்ளம் விழைகிறது. காண வேண்டியவர்கள் காணாத ஆட்டம் என்றதும் என் நினைவுக்கு வருபவர் பலராம்.

அவர் 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்தப் படைவீட்டு நகரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. வறுமையில் வளர்ந்த அந்தச் சிறுவனின் கால்களை அடையாளம் கண்டவர் ஐதராபாத்தின் சையத் அப்துல் ரகீம். ரகீம் தொழிலால் ஆசிரியர். இந்திய அணியின் பயிற்சியாளர். நல்ல மாணவனைக் கண்டுகொள்ளும் ஆசிரியக் கண் அவருக்கு விளையாட்டிலும் உதவியது என்றே நான் எண்ணுகிறேன். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற இந்திய அணியில் பலராமும் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

அடுத்த ஆண்டு கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1961இல் அதன் தலைவராக இருந்து லீக் பட்டத்தை வென்றுதந்தார். 23 கோல்களோடு அந்த லீக்கில் முதலிடமும் பெற்றார். அக்காலத்து ஆட்டக்காரர்கள் தொழில்முறையினர் அல்லர் என்பதை இளையோர் நினைவிற்கொள்ள வேண்டும். ரயில்வே, காவல்துறை, சுங்கத்துறை என்று எங்கோ ஒரு வேலை; மாலையில் மைதானம். உள்நாட்டு ஆட்டங்கள் எழுபது நிமிடமே நடந்தன. அப்பழக்கத்தோடு வெளிநாடு சென்று தொண்ணூறு நிமிடம் ஓடினார்கள்.

பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூவரையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா பெற்ற தங்கத்தை வைத்தே மூவரையும் புகழ்கிறார்கள். புகழட்டும். இந்தியாவுக்கு எதிராகக் கொந்தளித்த கூட்டத்தின் நடுவே, இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றது எளிய செயலன்று. ஜப்பானுக்கும் தாய்லாந்துக்கும் எதிராகப் பலராம் கோல் போட்டார். ஆயினும் இறுதியாட்டத்தின் கோல்கள் பானர்ஜியுடையவையும் ஜர்னைல் சிங்குடையவையும் ஆகும்.

என் கருத்தில் பலராமை ரோமாபுரியில் வைத்தே அளக்கவேண்டும். 1960 ஒலிம்பிக்கின் முதலாட்டம், ஆகஸ்டு 26, லாக்குயிலா நகரம். எதிரே ஹங்கேரி. அந்த அணியில் ஃபுளோரியன் ஆல்பெர்ட் இருந்தார். ஏழாண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் என்று முடிசூட்டப்பட்டவர். ஹங்கேரியின் இரு கோல்களுள் ஒன்று அவருடையது. எழுபத்தொன்பதாம் நிமிடத்தில் பலராம் ஒன்று போட்டார். நம் ஊர்க் கணக்கில் ஆட்டம் முடிந்து ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும்! அதன்பின் எஞ்சிய நேரத்தில் கோல் விழவில்லை. 2-1 எனத் தோல்வி. பிரான்சுடன் சமநிலை. பெருவிடம் 3-1 எனத் தோல்வி. அந்த ஒன்றும் பலராமுடையது. இரண்டு கோல்களும் தோற்ற ஆட்டங்களில் விழுந்தவை. பதக்கப்பட்டியல் இவற்றை அறியாது. ஆனால் வெண்ணிப் போரில் தோற்ற சேரனின் பெருமையை, வென்ற கரிகாலனிடமே எடுத்துரைத்த வெண்ணிக்குயத்தியார் பிறந்த மொழி நம்முடையது. அவர் இதை அறிந்திருப்பார்.

ஜகார்த்தாவிற்கு மறு ஆண்டு, 1963 ஜூனில், புற்றுநோயால் ரகீம் மறைந்தார். அதே ஆண்டில் நுரையீரலைத் தாக்கிய நோய் பலராமின் ஆட்டத்தையும் நிறுத்தியது. இருபத்தேழு வயதுகூட முழுமையாக நிரம்பவில்லை. ஒரு கவிஞருக்கு அது முதல் தொகுதி வெளிவரும் வயது. முன்கள ஆட்டக்காரருக்கோ உச்சி. அவர் பின்னர் வாழ்ந்த அறுபது ஆண்டுகள் ஆடிய ஆண்டுகளைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. இக்கணக்கு என்னை உறங்கவிடுவதில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளிக் கரையிலுள்ள உத்தரபாராவில் தனித்து வாழ்ந்தார். 1962இல் அர்ஜுனா விருது வந்தது. கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு வரவேயில்லை. அந்த மனக்குறையை அவர் மறைத்ததும் இல்லை. சிலர் அதைச் சிறுமை என்பர், நான் சொல்லமாட்டேன். பரிசில் நீட்டித்தபோது வாயிலில் நின்று சினந்து பாடிய புலவர்களை வகுப்பில் பெருமிதத்தோடு கற்பிக்கும் நமக்கு, ஓர் ஆட்டக்காரரின் சினம் மட்டும் ஏன் கசக்கவேண்டும்?

2020 மார்ச்சில் பானர்ஜி மறைந்தார், ஏப்ரலில் கோஸ்வாமி. மூவருள் எஞ்சிய ஒருவராக ஏறத்தாழ மூன்றாண்டுகள் இருந்து, 2023 பிப்ரவரி 16 அன்று கல்கத்தாவில் பலராம் தம் 86ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு ரகீமின் வாழ்வைச் சொல்லும் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வந்தது; அதில் பலராமும் ஒரு பாத்திரம். அதைக் காண அவர் இல்லை.

வங்கத்தார் அவரைத் தம்மவர் என்றனர், ஐதராபாத்தாரும் அவ்வாறே. தமிழில் அவரைப் பற்றி ஒரு கவிதையைத் தேடி வருகிறேன். இன்னும் என் கண்ணில் படவில்லை. இங்கே நாற்பது கவிஞர்களாவது அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த திங்கள் கூட்டத்திற்கு யாரேனும் அந்த எழுபத்தொன்பதாம் நிமிடத்தைப் பாடிக் கொணர்ந்தால், என் கட்டுரை நேரத்தை அவருக்கே விட்டுத்தருகிறேன்.