சாவிக்கு முன் உரிமம்!



கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்திலும் சரக்கு வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. எட்டாம் வகுப்புத் தேறினால்தான் வணிக வாகன உரிமம் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டு விட்டது. படிப்பில்லை என்று இனி எவரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். வயது 20 நிறைந்து, இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தால் லாரிக்கான பழகுநர் உரிமம் கேட்கலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வியாபாரிகளே! உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் உண்டு. விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிய நஷ்டஈட்டை உங்களிடமே வசூலிக்க முடியும். கடையே கைமாறிப் போகலாம்! சாவியை நீட்டுமுன் உரிமத்தைக் கேளுங்கள்!