சொல்லாததையும் கேட்போம்



எங்கள் ரீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தாலே முழு வகுப்பும் அடங்கிவிடும். 1995 இடப்பெயர்வின் பின் பாடசாலை மீண்டும் திறந்தபோது எங்களுக்குச் சொல் வரவில்லை. கைகளைப் பற்றியபடி நின்றோம். வள்ளுவரும் குறிப்பறிதலுக்கு 71, 110 என இரண்டு அதிகாரங்கள் வைத்தார்.

இன்று பல நாடுகளில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் “சுகம்” என்று எழுதுகிறோம். எங்கள் தோழி ஒருத்தியும் அப்படித்தான் எழுதிவந்தாள். வீடியோவில் முகத்தைக் கண்ட பிறகுதான், மாதக்கணக்காக அவள் நோயோடு தனித்திருந்தது எங்களுக்கு விளங்கியது. அந்த ஒரு சொல்லை நம்பி நாம் இருந்துவிட்டோம்.

ஆகையால், இன்றே ஒரு தோழியுடன் தொலைபேசியில் பேசுவோம். அவள் சொல்வதோடு, சொல்லவந்து நிறுத்துவதையும் கேட்போம்.