குளிசையும் கோப்பையும்



நற்செய்தி எழுதிய லூக்கா ஒரு வைத்தியர். ஆகவே ஆலயத்தில் மருந்தைப் பற்றிப் பேசுவது புதுமையல்ல. குளிசையோடு நாம் எதைச் சாப்பிடுகிறோம், எதைக் குடிக்கிறோம் என்பதைச் சிறிது பார்ப்போம்.

நாம் வாழும் இந்தக் கனடாவில், ஒன்ராறியோவின் லண்டன் நகரில், டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு பிரஷர் மருந்தொன்றை மதுவோடு சோதித்தது. மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது. குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. கொலஸ்டரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டாட்டினுக்கும் இதே ஆபத்து உண்டு. முதல் நாள் குடித்த சாறு மறுநாளும் வேலை செய்யும். ஆகவே காலையில் சாறு, இரவில் குளிசை என்று பிரிப்பது போதாது.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. தைரொய்ட் குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுங்கள். கோப்பிக்கும் காலை உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விடவேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

இப்போது உபவாச ஜெபம். இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தாக இறங்கும். நீங்களாக மருந்தை நிறுத்துவதும் சரியல்ல. உபவாசத்துக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே இனிப்பான சாறு குடியுங்கள். உபவாசம் முறிந்ததே என்று கலங்காதீர்கள். உங்கள் இருதயத்தைக் கர்த்தர் அறிவார்.

பிள்ளைகளே, அம்மம்மாவோ தாத்தாவோ அப்படித் தடுமாறினால் பெரியவர்களை உடனே கூப்பிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 911 அழையுங்கள். இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. அவர்களுடைய குளிசைப் போத்தல்களில் ஆங்கிலத்தில் ஒட்டியிருப்பதை இன்றே தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். விளங்காததை ஃபார்மசியில் கேளுங்கள். அதுவும் ஓர் ஊழியமே.

கர்த்தர் உங்கள் அனைவருக்கும் நல்ல சுகம் தருவாராக. ஆமென்.